பள்ளிச் சிற்றுண்டிச்சாலையும் திடலும்: எடையில் மாற்றம் காட்டும் கொள்கையை நடத்திக் காட்டுவது எப்படி

மலேசியாவில் 5 முதல் 17 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 29.8 விழுக்காட்டினர் எடை கூடியவர்கள் அல்லது உடல் பருமன் உள்ளவர்கள் என்று 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு சொன்னது. அதற்கெதிரான விதிகளுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. சிற்றுண்டிச்சாலை வழிகாட்டி இருக்கிறது, செகாக் உடற்தகுதிச் சோதனை 2008 முதல் நடக்கிறது, சுவரொட்டிகளுக்கும் குறைவில்லை. இருந்தும் பள்ளிக் கேண்டீனில் ரோஸ் சிராப் தோம்பு தோம்பாக ஓடுகிறது.

கோலாலம்பூரில் உள்ள 15 தமிழ்ப்பள்ளிகளிலும் பினாங்கில் உள்ள 28 தமிழ்ப்பள்ளிகளிலும் இருக்கும் தலைமையாசிரியர், மாணவர் நலத் துணைத் தலைமையாசிரியர், உடற்கல்வி ஆசிரியர், பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயற்குழு ஆகியோருக்காக எழுதப்பட்டது இது. இடைநிலைப்பள்ளிக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

வேலையில் இறங்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. பள்ளி வழியாக எடையைக் குறைக்க உலகில் நடந்த முயற்சிகளில் தோற்றவை நிறைய. அமெரிக்காவில் 1991 முதல் 1994 வரை 96 பள்ளிகளில் நடந்த 'கேட்ச்' ஆய்வில் மதிய உணவின் கொழுப்பு குறைந்தது, பிள்ளைகள் கூடுதலாக ஓடியாடினார்கள். ஆனாலும் உடல் நிறை எண் (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வருவது) அசையவில்லை. பிலடெல்பியாவில் 10 பள்ளிகளில் இரண்டாண்டு நடந்த முயற்சி வேறு விதமாக அமைந்தது. அவற்றில் ஐந்து பள்ளிகளில் இனிப்புப் பானங்களை அகற்றி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்து, வீட்டையும் சேர்த்துக்கொண்டார்கள். புதிதாக எடை கூடியோர் மற்றப் பள்ளிகளில் 14.9 விழுக்காடு, இந்தப் பள்ளிகளில் 7.5 விழுக்காடு. ஜெர்மனியின் டோர்ட்முண்ட், எஸ்ஸன் நகரங்களில் 32 தொடக்கப்பள்ளிகளை எடுத்து, ஒரு பகுதியில் குடிநீர்க் குழாய் வைத்துத் தண்ணீர் பற்றி நான்கு பாடம் நடத்தினார்கள். ஒரே கல்வியாண்டில் எடை கூடும் அபாயம் அங்கே 31 விழுக்காடு குறைந்தது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பின் 2024ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வும், 5 முதல் 11 வயதினருக்கு உணவை மட்டும் மாற்றினால் பெரிய பயனில்லை, உடலசைவோ இரண்டும் சேர்ந்தோ இருந்தால் சிறிதளவு பயன் உண்டு என்றே சொல்கிறது.

ஆகவே தண்ணீர், பானம், உண்மையில் ஓடும் நிமிடங்கள் என்ற வரிசையில் வேலையைத் தொடங்குங்கள். உணவுப் பட்டியலை அழகாக அச்சடிப்பது அதற்குப் பிறகுதான்.

முதல் வாரம்: பார்ப்பது மட்டும்

எதையும் மாற்றாதீர்கள். ஒரு வாரம் கவனித்து நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் எத்தனை கோப்பை இனிப்புப் பானம் விற்கிறது? அதைக் கரைக்க எத்தனை கிலோ சீனி, எத்தனை போத்தல் சிராப், எத்தனை டின் கெட்டிப்பால் போகிறது? ஓய்வு மணி அடித்து எத்தனையாவது நிமிடத்தில் கடைசிப் பிள்ளைக்குச் சாப்பாடு கிடைக்கிறது? வேலை செய்யும் குடிநீர்க் குழாய்கள் எத்தனை?

மூன்றாவது கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். 300 மாணவர், 20 நிமிட ஓய்வு, இரண்டு கவுன்ட்டர். காசு வாங்கி, சில்லறை கொடுத்து, தட்டை நீட்ட ஒரு பிள்ளைக்கு 10 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால் 20 நிமிடத்தில் 240 பேருக்குத்தான் முடியும். மீதி 60 பேர் வரிசையை விட்டு விலகி, கையில் எடுத்துக்கொண்டே ஓடக்கூடிய பாக்கெட்டை வாங்குகிறார்கள். அவர்களுக்குக் காய்கறி பிடிக்காததால் அல்ல, நேரம் இல்லாததால் பிஸ்கட் தின்கிறார்கள். படிநிலை 1 (ஆண்டு 1 முதல் 3), படிநிலை 2 (ஆண்டு 4 முதல் 6) என்று ஓய்வைப் பிரித்தால், 150 பேருக்கு அதே இரண்டு கவுன்ட்டரில் பன்னிரண்டரை நிமிடம் போதும். பெற்றோர் வாரத் தொடக்கத்திலேயே கூப்பன் வாங்கிவிட்டால் சில்லறைப் பிரச்சினையும் போகும், ஒருவருக்கு 5 விநாடியில் வேலை முடியும்.

பானம்: இங்கேதான் முதல் வெற்றி

கேண்டீனில் 10 லிட்டர் சிராப் தண்ணீருக்கு ஒரு கிலோ சீனி போகிறது என்று வையுங்கள். 250 மில்லி கோப்பையில் 25 கிராம் சீனி. பத்து வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,900 கலோரி தேவை. சேர்க்கப்படும் சீனி அதில் 10 விழுக்காட்டுக்குள், முடிந்தால் 5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதாவது மேல் எல்லை 47 கிராம், விரும்பத்தக்கது 24 கிராம். காலை 10 மணிக்கு ஒரே ஒரு கோப்பையில் அந்த 24 கிராம் தீர்ந்துவிட்டது. வீட்டில் குடித்த மைலோவும் மாலையில் குடிக்கப்போகும் தே தாரேயும் இன்னும் கணக்கில் வரவில்லை.

ஒரே நாளில் பானத்தை நிறுத்திவிட்டால், கேண்டீன்காரர் நட்டப்படுவார், பிள்ளைகள் வாசலுக்கு வெளியே வாங்குவார்கள். படிப்படியாக இறக்குங்கள்: 10 லிட்டருக்கு முதல் இரு வாரம் 800 கிராம், அடுத்த இரு வாரம் 650, பிறகு 500. ஐந்தாம் வாரத்தில் பாதிச் சீனிக்கு வந்துவிடுவீர்கள், பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரியாது. இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. ஐஸ் அதிகமானால் நாக்குக்கு இனிப்பு மங்கித் தெரியும், அதை ஈடுகட்டச் சீனி ஏறும். ஐஸைப் பாதியாக்கினால் குறைந்த சீனியும் இனிக்கும்.

சீனி மூட்டையை மட்டும் எண்ணிவிட்டுப் போத்தல் சிராப்பையும் கெட்டிப்பாலையும் விட்டுவிடக் கூடாது. கெட்டிப்பாலின் எடையில் ஏறக்குறைய பாதி சீனிதான். பண்டுங் கலக்கும்போது சிராப்பிலிருந்தும் பாலிலிருந்தும் சேர்வதால், சீனியே போடவில்லை என்று அடித்துச் சொல்லும் தோம்பில்கூட 100 மில்லிக்கு 10 கிராம் வந்துவிடும். அளக்கும் கரண்டி ஒன்று கேண்டீன் சுவரில் தொங்கட்டும்.

பெட்டிப் பானங்களுக்கு எளிதான எல்லைக்கோடு ஏற்கெனவே இருக்கிறது. 2019 ஜூலை 1 முதல் நாட்டில் நடப்பில் உள்ள சீனி வரி, 100 மில்லியில் 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களைப் பிடிக்கிறது. பள்ளியும் அதே 5 கிராமைக் கோடாக வைத்துக்கொள்ளலாம். லேபிளைப் படிக்கத் தெரிந்த ஆண்டு 5 மாணவர்களே அலமாரியைச் சோதித்துவிடுவார்கள். அறிவியல் பாடத்துக்கும் ஆயிற்று.

தண்ணீருக்கு வருவோம். குடிநீர் கழிவறைக்குப் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் குடிக்க மாட்டார்கள். குழாய் கேண்டீன் வரிசை நிற்கும் இடத்திலும் திடலுக்குப் போகும் வழியிலும் இருக்க வேண்டும். வடிகட்டி மாற்றிய தேதியை எழுதி ஒட்டுங்கள், அதைப் பார்த்தால்தான் பெற்றோர் நம்புவார்கள். ஒவ்வொரு பிள்ளையின் மேசையிலும் தண்ணீர்ப் போத்தல், இரண்டாம் பாடவேளை முடிந்ததும் ஆசிரியரும் சேர்ந்து குடிப்பது என்ற வழக்கம் வந்துவிட்டால் போதும். கழிவறைக்குப் போக அனுமதி கேட்கும் பிள்ளையை வகுப்பில் அதட்டினால் மறுநாள் போத்தல் நிரம்பியபடியே வீடு திரும்பும்.

சாப்பாடும் கேண்டீன் குத்தகையும்

உணவை மாற்றச் சொல்லும்போது கேண்டீன்காரரின் வரவு செலவை நாம் பார்ப்பதில்லை. அவருக்கு லாபம் எங்கே? மீயில் இல்லை. கலர் தண்ணீரிலும், உறைந்த நிலையில் வாங்கி எண்ணெயில் போட்டெடுக்கும் நக்கெட், சொசேஜிலும்தான். உழைப்புக் குறைவு, மிச்சமானால் கெடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் பறித்துக்கொண்டு வாடகையைக் குறைக்காமல் விட்டால், ஒன்று விலை ஏறும், அல்லது சோதனைக்கு யாரும் வராத நாளில் நக்கெட் திரும்ப வரும்.

ஆகவே பேச்சு குத்தகையைப் புதுப்பிக்கும் நேரத்தில் தொடங்கட்டும். வாடகையிலோ மின்கட்டணப் பங்கிலோ சலுகை, பதிலுக்கு எழுதிக் கையெழுத்திட்ட நிபந்தனைகள்: பொரித்தது வாரத்தில் இரண்டு நாள் மட்டும், தினமும் ஒரு பழம், பானத்தின் சீனி அளவு இவ்வளவு. மிட்டாய், நுரைக்கும் பானம், ஊறவைத்த பழம், உடனடி மீ ஆகியவற்றுக்கு அரசாங்க வழிகாட்டியிலேயே அனுமதி இல்லை. அவற்றைப் புதிய சட்டம்போல அறிவிக்கத் தேவையில்லை, இருப்பதை நடத்தினாலே போதும். அதிகாரத் தொனி உதவாது. "அக்கா, வெள்ளிக்கிழமை எத்தனை தட்டு மிஞ்சிச்சு? அதுக்குப் பதிலா சுண்டல் வெச்சுப் பார்ப்போமா? மிஞ்சினா சங்கம் எடுத்துக்கும்" என்று கேட்டால் காரியம் நடக்கும். முதல் மாதம் மிஞ்சும் உணவின் செலவைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஏற்பது அவ்வளவு பெரிய தொகையாகாது.

எண்ணெயைக் குறைப்பதும் அளவில்தான் இருக்கிறது. 5 கிலோ சோற்றுக்கு நாசி கோரெங் செய்ய 250 மில்லி எண்ணெய் போதும். 200 கிராம் தட்டுகள் 25 வரும், தட்டுக்கு 9 கிராம் எண்ணெய். கண்ணளவில் ஊற்றினால் அரை லிட்டர் போய்விடும், ஒவ்வொரு தட்டிலும் 80 கலோரி கூடும். சுவை மாறாது, தட்டில் மினுமினுப்பு மட்டுமே கூடும்.

வாரப் பட்டியல் இப்படி இருக்கலாம். திங்கள் கோழி போட்ட மீஹூன் சூப். செவ்வாய் மூன்று இட்லி, காய் நிறைந்த சாம்பார், அவித்த முட்டை. புதன் நாசி லெமாக், ஆனால் பாதித் தேங்காய்ப்பால் பாதி கொழுப்புக் குறைந்த பால், வெள்ளரி கூடுதல், சம்பல் ஒரு கரண்டி. வியாழன் சப்பாத்தியும் பருப்பும். வெள்ளி நம் வீடுகளில் பலரும் சைவம், புரட்டாசியில் மாதம் முழுவதும் சைவம். அந்நாள்களில் கோழியை எடுத்துவிட்டு வெறும் மீ மட்டும் வைப்பதுதான் வழக்கமான பிழை. தட்டு முழுக்க மாவுச்சத்து, பதினொரு மணிக்கே மறுபடி பசி. தௌஃபு, தெம்பே, கொண்டைக்கடலைச் சுண்டல் ஆகியவற்றில் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். 'சுக்கு சுக்கு செபாரோ' தட்டு, அதாவது கால் பங்கு மாவு, கால் பங்கு புரதம், அரைப் பங்கு காயும் பழமும், பள்ளிக் கேண்டீனில் அப்படியே வராது. அரைப் பங்கு காய் என்று பிடிவாதம் பிடித்தால் குப்பைத்தொட்டிதான் சாப்பிடும். கால் பங்கில் தொடங்குங்கள், காயைப் பொடியாக நறுக்கிச் சாம்பாரிலும் மீயிலும் கலக்குங்கள், வெள்ளரி, காரட் போன்றவற்றைத் தனியாகக் கண்ணில் படும்படி வையுங்கள்.

யாருக்கும் சாப்பாட்டின் அளவைக் குறைத்துக் கட்டுப்படுத்த வேண்டாம். ஒரே வகுப்பில் எடை கூடிய பிள்ளையும் வயதுக்கேற்ற உயரமில்லாமல் மெலிந்த பிள்ளையும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். வசதி குறைந்த பிள்ளைகளுக்கான ஆர்.எம்.தி. கூடுதல் உணவுத் திட்டத்தில் உணவு பெறும் சில பிள்ளைகளுக்கு அன்றைய முதல் சாப்பாடே அதுதான்.

வாசலும் வேனும் பரிசு மிட்டாயும்

உள்ளே சீனியைக் குறைத்துவிட்டு, சரியான விடை சொன்னவருக்கு ஆசிரியர் சாக்லெட் கொடுத்தால் என்ன பயன்? பரிசுக்குப் பென்சில், ஸ்டிக்கர், ஐந்து நிமிடம் முன்னதாகத் திடலுக்குப் போகும் உரிமை என்று மாற்றுங்கள். கடைசியாகச் சொன்னது எல்லாவற்றையும்விட நன்றாக எடுபடும். பிறந்தநாள் கேக்கை மாதத்துக்கு ஒரு நாளாகச் சேர்த்துக் கொண்டாடலாம். தீபாவளி முறுக்கும் பொங்கல் விழாச் சர்க்கரைப் பொங்கலும் இருக்கட்டும், ஆண்டுக்கு ஒருநாள் பண்டிகை எடையை ஏற்றுவதில்லை.

வாசலுக்கு வெளியே நிற்கும் ஐஸ்கிரீம் மோட்டார் சைக்கிளும் பொரித்த சொசேஜ் வண்டியும் நகராண்மையின் அதிகாரத்தில் வருபவை. கோலாலம்பூரில் டி.பி.கே.எல்., தீவில் பினாங்கு மாநகர் மன்றம், அக்கரையில் செபராங் பிறை மாநகர் மன்றம். போக்குவரத்து இடைஞ்சலையும் பிள்ளைகளின் பாதுகாப்பையும் காரணம் காட்டித் தலைமையாசிரியரும் சங்கத் தலைவரும் சேர்ந்து கடிதம் கொடுத்தால் நடவடிக்கை விரைவில் வரும். இதோடு, பள்ளி முடியும் நேரத்தில் கேண்டீன் திறந்திருந்து வாழைப்பழமோ அவித்த சோளமோ விற்றால் வண்டிக்காரரைத் தேடிப் போகும் பசியே இருக்காது. கூடுதல் வகுப்பு முடியும்வரையும் வேனுக்காகவும் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு இது மிகவும் தேவை. வேனுக்குள் ஜங்க் பாக்கெட் விற்கும் ஓட்டுநர்களும் உண்டு, பெற்றோர்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

திடல்: எத்தனை நிமிடம் உண்மையில் ஓடுகிறார்கள்?

5 முதல் 17 வயதினருக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிட மிதமான அல்லது கடுமையான உடலசைவு வேண்டும். உடற்கல்வி வேளை எவ்வளவு இருந்தாலும் அதில் பாதியாவது மூச்சு வாங்கும் அசைவாக இருக்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. உள்ளபடி என்ன நடக்கிறது என்று அளந்து பாருங்கள். நான்கு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, 30 நிமிடப் பாடத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் நிற்கிறாரா, நடக்கிறாரா, ஓடுகிறாரா என்று குறியுங்கள். மொத்தம் 60 குறிகள் வரும். வேகமாக நடப்பதும் ஓடுவதும் சேர்ந்து 30ஐத் தாண்ட வேண்டும். உடைமாற்றி, வரிசை நின்று, விளக்கம் கேட்டு, பந்து தன் பக்கம் வரக் காத்திருந்து பார்த்தால், பல வகுப்புகளில் 20கூடத் தேறாது.

தீர்வு சிறியது. பாடத்துக்கு முன்பே கூம்புகளும் பந்துகளும் திடலில் இருக்கட்டும், விளக்கம் இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 30 பேருக்கு ஒரு பந்து கொடுத்தால் நான்கைந்து பேர் ஓடுவார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். 10 மீட்டருக்கு 8 மீட்டர் என ஐந்து கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு பந்து, மூவருக்கு மூவர் என்று விடுங்கள். இடம் குறைந்த ஜார்ஜ்டவுன் பள்ளி முற்றத்தில் இரண்டு கட்டம் போட்டு மற்றவர்களுக்குக் கயிறு கொடுக்கலாம்.

'அவுட்' ஆனவர் வெளியே உட்காரும் ஆட்டங்கள்தான் பெரிய பிழை. முதலில் அவுட் ஆவது பெரும்பாலும் எடை கூடிய பிள்ளைதான், அதிகம் ஓட வேண்டிய பிள்ளைக்கு அதிக நேரம் உட்காரும் வாய்ப்புக் கிடைக்கிறது. சடுகுடுவை எடுத்துக்கொள்ளுங்கள். முறைப்படி அணிக்கு எழுவர், பாடிப் போவது ஒருவர். அதை நால்வருக்கு நால்வராக்கி, பிடிபட்டவர் பத்துத் தாவல் தாவிவிட்டு உடனே உள்ளே வரலாம் என்று விதியை மாற்றினால் எல்லாரும் வியர்க்கிறார்கள், ஆட்டத்தின் ருசியும் போகாது.

உடற்கல்விக்கு வெளியே, ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங்கில் 2012இல் ஒரு தொடக்கப்பள்ளியில் பிறந்த 'டெய்லி மைல்' முறை இங்கும் பொருந்தும். தினமும் 15 நிமிடம், சீருடையிலேயே, ஓடவோ நடக்கவோ செய்யலாம், போட்டி கிடையாது. காலைச் சபைக்கூடலை ஒட்டி வையுங்கள், பத்து மணிக்குப் பிறகு கோலாலம்பூர் வெயில் தாங்காது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளி நடவடிக்கையை நிறுத்திவிட்டு வகுப்புக்குள் இசையோடு அசையுங்கள். சோதனைக் காலத்தில் உடற்கல்வி வேளையைக் கணிதம் விழுங்குவதையும் தடுக்க வேண்டும். ஆண்டு 6 மாணவருக்கான யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ஒழிந்த பிறகும் அந்தப் பழக்கம் ஒழியவில்லை.

அளப்பது: யாருக்கும் கேட்காமல்

செகாக்கில் 3 நிமிடம் பலகை ஏறி இறங்குதல், தரையில் கையூன்றி எழும்புதல், படுத்தபடி பாதி எழும்புதல், உட்கார்ந்து நீட்டல் ஆகியவற்றோடு உயரமும் எடையும் பதிவாகின்றன. இந்த அளவை ஒழுங்காக எடுத்தால் தனி ஏற்பாடே தேவையில்லை. ஒழுங்காக என்றால்: காலணியும் காலுறையும் கழற்றி, பையிலுள்ளதை எடுத்துவிட்டு, குதிகால் சுவரில் ஒட்ட, கண் நேர்ப்பார்வையில், உயரம் 0.1 சென்டிமீட்டர், எடை 0.1 கிலோ துல்லியத்தில், இரண்டு முறை. தராசு சமதளத்தில் இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கறார்? பத்து வயதுப் பையன் ஒருவன் 138 சென்டிமீட்டர், 41 கிலோ. 41ஐ 1.38இன் வர்க்கத்தால் வகுத்தால் 21.5. உலகச் சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் பத்து வயது ஆண் பிள்ளைக்கு 18.5க்கு மேல் எடை கூடுதல், 21.4க்கு மேல் உடல் பருமன். எனவே பருமன். அதே பையனைக் காலணியோடு அளந்து 140 என்று எழுதினால் 20.9 வருகிறது, பருமன் வகையிலிருந்து வெளியே வந்துவிடுகிறான். அதே 21.5 பத்து வயதுப் பெண் பிள்ளைக்கு வந்தால் எடை கூடுதல் மட்டுமே, அவளுக்குப் பருமன் எல்லை 22.6. பெரியவர்களுக்கான அட்டவணையில் பார்த்தால் இருவருமே 'சரியான எடை'. கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கும் பெரியவர் அட்டவணையைப் பார்த்துப் பெற்றோருக்குச் சொல்லிவிடும் தவறு அடிக்கடி நடக்கிறது.

திரைக்குப் பின்னால் ஒவ்வொருவராக அளங்கள். எண்ணை உரக்கச் சொல்லாதீர்கள், மாணவர் எழுத்தரை வைக்காதீர்கள். சிங்கப்பூர் 1992இல் தொடங்கிய 'டிரிம் அண்ட் ஃபிட்' திட்டம் எடை கூடிய பிள்ளைகளைத் தனியே பிரித்து ஓடவிட்டது. பருமன் விகிதம் 14 விழுக்காட்டிலிருந்து 2006இல் 9.5க்கு இறங்கியது உண்மைதான். ஆனால் கேலியும் மன உளைச்சலும் குறித்த எதிர்ப்பு வலுத்து 2007இல் அதைக் கைவிட்டு, எல்லா மாணவருக்குமான திட்டத்துக்கு மாறினார்கள். வீட்டுக்கு எடை அறிக்கை மட்டும் அனுப்பும் முறையும் கலிபோர்னியாவில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. எடை குறையவில்லை, பிள்ளைகளுக்குத் தம் உடல்மீதான மனக்குறைதான் கூடியது.

பெற்றோரிடம் பேச வேண்டிய இடம் ஒன்று உண்டு. பின்கழுத்து மடிப்பில் வெல்வெட் போலத் தடித்த கருமை, குறட்டை, பகலில் தூங்கிவழிதல் ஆகியவை எடையோடு சேர்ந்து தெரிந்தால், பெற்றோரைத் தனியாக அழைத்து அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு (கிளினிக் கெசிஹாத்தான்) அனுப்புங்கள். அந்தக் கருமையை அழுக்கு என்று நினைத்து நார் போட்டுத் தேய்க்கும் வீடுகள் நிறைய. அது தேய்த்தால் போகாது, இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். இந்தியர்களிடம் நீரிழிவு அதிகம் என்பதால் இதை ஒத்திப்போடக் கூடாது.

எப்போது, எதை எதிர்பார்க்கலாம்?

முதல் பருவத்தில் சீனி, தண்ணீர், ஓடும் நிமிடம் ஆகிய மூன்றின் எண்களை மட்டும் பாருங்கள். எடைப் பட்டியலைத் தொடாதீர்கள். பிள்ளை வளர்வதால் ஆறு மாதத்தில் எடை ஏறத்தான் செய்யும், உயரம் அதைவிட வேகமாக ஏறினால் உடல் நிறை எண் தானாகக் குறையும். எடை கூடிய பிள்ளைக்கும் பெரும்பாலும் எடையை இறக்குவது இலக்கல்ல, நிலையாக வைத்துக்கொண்டு வளரவிடுவதுதான். ஒரே வயதுப் பிரிவின் அட்டவணையோடு ஒப்பிட்டு, ஆண்டு முடிவில் எத்தனை பேர் புதிதாக எல்லையைத் தாண்டினார்கள் என்று பாருங்கள். பள்ளியின் கையில் உள்ளதைக் காட்டும் எண் அதுதான்.

முழுப்பள்ளியின் சராசரியை ஆண்டுதோறும் ஒப்பிடுவது ஏமாற்றும். ஆண்டு 6 மாணவர் போய்விடுகிறார்கள், ஆண்டு 4 மாணவர் புதிதாகச் செகாக்குக்குள் வருகிறார்கள், ஆள்களே மாறிவிடுகிறார்கள். ஆண்டு 4இல் அளந்த அதே பிள்ளைகளை ஆண்டு 5இலும் 6இலும் தொடருங்கள். பள்ளி மாறிப் போனவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, எத்தனை பேரை எடுத்தோம் என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள்.